கும்மிடிப்பூண்டி பஸ்ஸின் இடது பக்கம்

கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கடையில் போய், "சீனி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர், "இன்னாமா கேட்ட?" என்பார். சர்க்கரை என்று திருத்திச் சொல்ல வேண்டும். சில முறை இப்படி ஆனதும், எதையும் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசப் பழகிக்கொண்டேன். அப்படிப் பேசுவது பல்லில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அப்போதுதான் திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணித விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி முளைத்த கல்லூரிகளில் அதுவும் ஒன்று. கட்டடத்தில் பாதிக்கு இன்னும் சுண்ணாம்பு அடித்திருக்கவில்லை. ஆனால் பஸ்கள் மட்டும் மஞ்சளாகப் பளபளவென்று நின்றன. அதில் ஒன்று காலையில் கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, கவரைப்பேட்டை, பெரியபாளையம், வெங்கல் என்று சுற்றிக்கொண்டு கல்லூரிக்கு வரும். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், முன் சீட்டில் ஆசிரியர்கள். நானும் அதில்தான் போனேன்.

முதல் வருஷப் பிள்ளைகளின் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, எங்கள் முதல்வர் ஆசிரியர்கள் எல்லாரையும் கூட்டினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தவர். நல்ல மனிதர். எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுப் புது உற்சாகத்தோடு திரும்பியிருந்தார்.

"பிள்ளைங்க ஃபெயிலாகறது மார்க் பிரச்சினை மட்டும் இல்ல," என்றார். "இது நம்ம காலேஜ்னு அவங்களுக்குத் தோணணும். அது தோணாதவன் எப்படிப் படிப்பான்? மேலேருந்து சர்க்குலர் போட்டு இதைச் செய்ய முடியாது. நீங்கதான் செய்யணும். ஆளுக்கு ஒரு திட்டம் எடுத்துக்குங்க."

ஆளாளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்கால வகுப்பு, விடுதியில் இரவுப் படிப்பு, சனிக்கிழமைத் தேர்வு. எல்லாமே விடுதிப் பிள்ளைகளுக்குத்தான் ஒத்துவரும். பஸ்ஸில் வருகிறவர்கள் மணி அடித்ததும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பஸ் போய்விடும். அந்த ரிசல்ட்டில் கணிதத்தில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பஸ் பிள்ளைகள்தான். அதிலும் எங்கள் கும்மிடிப்பூண்டி பஸ்தான் முதல் இடம்.

"அப்ப பஸ் பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டேன்.

கேட்டவள் தலையில் கட்டுவதுதானே உலக வழக்கம்? முதல்வர் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே அந்த பஸ்ல வர்றீங்க?" என்றார். பக்கத்தில் இருந்த இயற்பியல் சாரும் அதே பஸ்தான், பெரியபாளையத்தில் ஏறுகிறவர். அவரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

இயற்பியல் சாருக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் சொந்த ஊர். நெல் விவசாயக் குடும்பம். நாற்பதைத் தாண்டியவர். தலையில் முடி கொஞ்சம்தான். சட்டைப் பையில் வறுத்த வேர்க்கடலை எப்போதும் இருக்கும். வெளியே வந்ததும் எனக்குக் கொஞ்சம் கடலை கொடுத்து, "கவலப்படாதீங்க மேடம். எப்படியும் தெனம் ஒன்றரை மணி நேரம் அந்த வண்டியிலதான குந்திக்கினு வர்றோம். அதுலயே நடத்திடலாம்," என்றார்.

நடத்தினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கரும்பலகையைக் கயிறு போட்டுக் கட்டி, முதல் நாள் நான் தொகையீட்டை, அதாவது இன்டெக்ரேஷனை, ஆரம்பித்தேன். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் பலகை மூன்று தடவை கழன்று டிரைவர் முதுகில் விழுந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் நான் போட்ட கோடு பாம்பாக நெளிந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்திக்குக் குமட்டல் எடுத்து ஜன்னல் வழியே வாந்தி எடுத்தாள். பின் சீட்டுப் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

வெங்கல் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பெரிய மீசைக்காரர். "மேடம், கோச்சுக்காதீங்க. நீங்க சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணு சொக்கிக்கினு வருது. வண்டில இத்தினி உசுரு கீது," என்றார்.

அன்றோடு கரும்பலகை கழற்றப்பட்டது.

அடுத்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் சும்மாதான் வந்தோம். திட்டத்தைக் காப்பாற்றியது ஒரு பையன். அவன் எப்போதும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் வருவான். ஒரு நாள் எதிரே வந்த லாரி உரசுவதுபோல் போனது. என்னை மறந்து, "ஏல! உள்ள வால! விழுந்து தொலைச்சின்னா என்னல பண்ணுவ?" என்று கத்திவிட்டேன்.

பையன் பயந்துபோய் உள்ளே வந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, வண்டி முழுக்கப் பரவியது. வகுப்பில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. என் வாயில் அவர்கள் தமிழ் கேட்டதே அதுதான் முதல் தடவை.

"மேடம், இன்னா மேடம் அது, 'வால'? கொரங்குக்குக் கீதே, அதுவா?" என்றாள் இடது பக்கம் முன்வரிசையில் இருந்த பெண். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், இரண்டையும் ஒரே வேகத்தில் பேசுவாள். அவள் சன்னமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க ஊர்ல அப்படித்தாம்ளா சொல்லுவோம்," என்றேன்.

"ளாவா!" என்று மறுபடியும் சிரிப்பு.

"மேடமும் நம்பள மாதிரிதான் பா," என்றான் வலது பக்கத்தில் ஒருவன். "வாயத் தொறந்தா மாட்டிக்கிறாங்க."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது மெல்ல மெல்லச் சொன்னார்கள். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், இது இன்னா சார்?" என்று கேட்டானாம். விடுதியில் இருந்த வெளியூர்ப் பிள்ளைகள் ஒரு மாதம் அவனை "இன்னா" என்றே கூப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸிலிருந்து யாரும் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. ஆங்கிலத்திலும் கேட்க வராது, தமிழிலும் கேட்கக் கூடாது. பேசாமல் இருந்துவிட்டார்கள்.

"இங்க கேளுங்க," என்றார் இயற்பியல் சார். "இங்க எல்லாரும் இன்னாதான்."

அப்போது அந்தப் படிக்கட்டுப் பையன் கேட்டான்: "மேடம், நெசமாவே கேக்கறேன். இந்த இன்டெக்ரேஷன் இன்னாத்துக்கு மேடம்? வெச்சுக்கினு இன்னா பண்றது?"

எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். என்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏரி போய்க்கொண்டிருந்தது. கரை ஒழுங்கில்லாமல் வளைந்து வளைந்து போகிற ஏரி. "இதோட பரப்பை எப்படிலே கண்டுபிடிப்ப? நீளத்தை அகலத்தால பெருக்க முடியுமா?" என்று ஆரம்பித்தேன். கல்லூரி வாசல் வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர்தான், "மேடம், ஏரிய நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று இறக்கிவிட்டார்.

அதிலிருந்து எழுத்து வேலை கிடையாது, வெறும் பேச்சுதான் என்று வைத்துக்கொண்டோம். காலையில் கேள்வி. சாயங்காலம் சூத்திரப் போட்டி. இது இயற்பியல் சாரின் யோசனை. பாட்டுக்குப் பாட்டு மாதிரி, ஒரு பக்கம் கேட்க வேண்டும், மறுபக்கம் உடனே சொல்ல வேண்டும். வலது பக்கத்துப் பையன்கள் ஒரே குரலில், "டேன் எக்ஸோட டிரைவேட்டிவ்?" என்பார்கள். இடது பக்கத்திலிருந்து ஆரம்பாக்கத்துப் பெண் சீட்டைத் தட்டிக்கொண்டு, "செக் ஸ்கொயர் எக்ஸ்!" என்பாள். தப்பாகச் சொன்னால் எதிர்ப்பக்கம் ஊளையிடும். பெரியபாளையம் கூட்டுரோட்டில் வண்டி நின்றபோது ஒரு டீக்கடைக்காரர் ஜன்னலருகே வந்து, "எந்தக் கட்சி பா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

போட்டியில் பெரும்பாலும் இடது பக்கம்தான் ஜெயிக்கும். பையன்களுக்குப் பொறுக்காது. "அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படி மேடம் டக்கு டக்குனு வருது? கிளாஸ் டெஸ்ட்ல எங்களவிடக் கம்மி மார்க்கு," என்று புலம்புவார்கள். எனக்கும் அது புரியாமல்தான் இருந்தது.

பிறகு திடீரென்று இடது பக்கம் தோற்க ஆரம்பித்தது. ஒரு நாள் தோற்றது, மறுநாளும் தோற்றது. அந்த வாரமே தோற்றது. பையன்கள் விசிலடித்தார்கள். ஆரம்பாக்கத்துப் பெண் கடுப்பில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கல்லூரியில் இறங்கும்போது என் பின்னாலேயே வந்தாள். "மேடம், ஒரு விஷயம். நான் சொல்றதெல்லாம் நான் சொல்றது இல்ல."

"பின்ன?"

"எனக்குப் பின்னாடி சீட்டுல ஒருத்தி வருவா இல்ல, பழவேற்காட்டுப் பொண்ணு? அவதான் காதுல சொல்வா. நான் கத்துவேன். அவ ஒரு வாரமா வரல மேடம்."

நான் யோசித்துப் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் சுற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற பெண். கவரைப்பேட்டையில் அவளுடைய சாச்சி, அதாவது சித்தி, வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்பது மட்டும் தெரியும். முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஃபெயில். என் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. வகுப்பில் அவள் இல்லாதது வருகைப்பதிவில் ஒரு சுழியமாக மட்டும் இருந்தது. பஸ்ஸில்தான் அவள் இல்லாதது தோல்வியாகத் தெரிந்தது.

சித்தி வீட்டில் விசாரித்தால், ஊருக்குப் போய்விட்டாள், இனிமேல் காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்றார்கள். இயற்பியல் சாரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வந்துடலாம்," என்றார். ஆரம்பாக்கத்துப் பெண் தானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டாள். அவளுடைய நைனா முதலில் தயங்கி, பிறகு அவரே பொன்னேரி வரைக்கும் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரிக்காற்று உப்பும் மீனுமாக முகத்தில் அடித்தது. அந்தப் பெண்ணின் வாப்பா இறாலும் நண்டும் மொத்தமாக வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிற வியாபாரி. அவர் வீட்டைக் கேட்டதும் தெருவே வழிகாட்டியது. ஆசிரியர்கள் வீடு தேடி வந்திருக்கிறார்கள் என்றதும் மனிதர் பதறிப்போய், முதலில் நாற்காலி, பிறகு விசிறி, பிறகு இளநீர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்.

"நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன் டீச்சர். வாயத் தொறக்க மாட்டேங்குது. படிக்கலாம்னு சேத்ததும் அதோட இஷ்டம்தான், நிக்கறேன்னாலும் அதோட இஷ்டம்தான். ஆனா காரணம் சொல்லணும் இல்ல?" என்றார்.

சாப்பிடாமல் விட மாட்டோம் என்று அவளுடைய உம்மா பாய் விரித்தார். நண்டுக் குழம்பு. ஆர்.கே.பேட்டை வயல்வெளியில் வளர்ந்த எங்கள் இயற்பியல் சார் அதுவரை வயல் நண்டைத் தவிர வேறு நண்டைப் பார்த்ததில்லை. கொடுக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கடிக்கப் போய், அது நழுவி ஆரம்பாக்கத்துப் பெண்ணின் தட்டில் விழுந்தது. உள்ளே கதவோரம் நின்றுகொண்டிருந்த பழவேற்காட்டுப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தவள் வெளியே வந்து, "இப்படி இல்ல சார்," என்று கொடுக்கை உடைத்துக் காட்டினாள். பிறகு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஏன் பா வரல?" என்று ஆரம்பாக்கத்துப் பெண் நேராகவே கேட்டாள். "நீ வராம லெஃப்ட் சைடு நாறுது. அவனுங்க விசிலடிச்சே பேஜாரு பண்றானுங்க."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பிஸிக்ஸ் லேப்ல நாலு பேரு ஒரு குரூப் சார். மத்த மூணு பேரும் ஹாஸ்டல். முத நாளே, 'நீ ரீடிங் எழுது'னு சொல்லிட்டாங்க. அன்னிலேருந்து நான் எழுதறதுதான். ஒரு நாள்கூட ஸ்க்ரூ கேஜ தொட்டது இல்ல. அன்னிக்கு வைவாக்கு வெளியேருந்து வந்த சார், கம்பியோட தடிமனை அளந்து காட்டச் சொன்னாரு. எனக்கு எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியல. தலைகீழாப் பிடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க." உடைத்த ஓட்டைத் தட்டோரம் ஒதுக்கினாள். "எழுதறதுக்கு எதுக்கு சார் அவ்ளோ தூரம் வரணும்?"

இயற்பியல் சார் கையில் இருந்த நண்டைத் தட்டில் வைத்துவிட்டார். அந்த ஆய்வகத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு மேஜையாகப் போய் ரீடிங் சரியா என்று பார்க்கிறவர். ரீடிங் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"நாளைக்கு வா மா," என்றார். "உன் கையாலதான் அளக்கப் போற. நான் சொல்றேன்."

அவள் வாப்பாவைப் பார்த்தாள். "என்னைப் பாக்காத. உன் இஷ்டம்னு சொல்லிட்டேன்," என்றார் அவர். அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் நாங்கள் கிளம்பும்போது ஆரம்பாக்கத்துப் பெண்ணிடம், "கடைசியா எதுல தோத்தீங்க?" என்று கேட்டாள்.

"எதுல தோக்கல, அதக் கேளு."

மறுநாள் கவரைப்பேட்டையில் அவள் ஏறியபோது இடது பக்கம் முழுக்கக் கை தட்டியது. வலது பக்கத்துப் பையன்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "ஒளிஞ்சிருந்து சொல்றதெல்லாம் கள்ளாட்டம். இனிமே நீயே கத்தணும்," என்று படிக்கட்டுப் பையன் நிபந்தனை போட்டான்.

பெரியபாளையத்தில் ஏறிய இயற்பியல் சார், சட்டைப் பையில் கடலைக்குப் பதிலாகக் கைக்குட்டையில் சுற்றி ஒன்று வைத்திருந்தார். ஸ்க்ரூ கேஜ். அதை எடுத்து நேரே அவள் கையில் கொடுத்தார். "எதையாவது அள."

"எதை சார்?"

"முடிய அளக்கலாம்," என்றாள் ஆரம்பாக்கத்துப் பெண். "சாரோடத?"

"சார்கிட்ட இருக்கறதே கொஞ்சம். அதையும் புடுங்காதீங்க," என்றது வலது பக்கம்.

எல்லார் கண்ணும் டிரைவர் மேல் போனது. வெங்கலில் வண்டி நின்றதும் கெஞ்சினார்கள். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, மீசையைத் தடவி, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கினார். "ஆ! வலிக்குது பா. ஒழுங்கா அளங்க," என்று நீட்டினார்.

பழவேற்காட்டுப் பெண் முடியை வாங்கிக்கொண்டாள். முதலில் திருகை வெறுமனே மூடி, சுழியப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதி எழுதியே அந்த முறை அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது, கைதான் பழகவில்லை. முடியை இடையில் வைத்து மெல்லத் திருகி, கண்ணருகே கொண்டுபோய், அளவைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் மறுபடி அளந்தாள். அதே அளவு. பிறகு கருவி வரிசையாகச் சீட்டுக்குச் சீட்டு போனது. தலைமுடி, நோட்டுத் தாள், சீட்டுக்கடியில் கிடந்த வேர்க்கடலைத் தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அளந்தார்கள். கடைசி வரைக்கும் முடிகளில் டிரைவர் மீசைதான் தடிமனில் முதலிடம். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. மற்ற ரூட் டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆய்வகத்திலும் இயற்பியல் சார் முறையை மாற்றினார். இன்று ரீடிங் எழுதுகிறவர் அடுத்த முறை கருவியைப் பிடிக்க வேண்டும், பிடித்தவர் எழுத வேண்டும். விடுதிப் பிள்ளைகள் சிலர், "லேட் ஆவுது சார்," என்று முறையிட்டார்கள். "ஆவட்டும். எனக்கு வேற வேலை இல்ல," என்றார். கொஞ்ச நாளில் அந்த நால்வர் குழுவில் பேச்சுவார்த்தையே மாறியது. விடுதிப் பெண் ஒருத்தி, கணக்கில் சந்தேகம் கேட்பதற்காகவே ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பஸ்ஸில் ஏறி, ஆரம்பாக்கத்துப் பெண்ணின் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது அவளும் "இன்னா" என்றாள்.

அந்த செமஸ்டர் ரிசல்ட்டில் எங்கள் பஸ் முதலிடமெல்லாம் வந்துவிடவில்லை. சிலர் மறுபடியும் விழுந்தார்கள். படிக்கட்டுப் பையன் ஒரு பாடத்தில் பாஸ், ஒன்றில் ஃபெயில். ஆனால் ஃபெயிலானவர்கள் அடுத்த நாளும் பஸ்ஸில் வந்தார்கள். பழவேற்காட்டுப் பெண் இரண்டாவது கணிதத் தாளோடு, விட்டுப்போன முதல் தாளையும் சேர்த்துப் பாஸ் செய்துவிட்டாள். அவளுடைய வாப்பா ஐஸ் பெட்டியில் இறால் கொடுத்தனுப்பினார். அது டிரைவர் வீடு, என் வீடு, இயற்பியல் சார் வீடு என்று பங்குபோடப்பட்டது. என் கணவர் முதல் தடவையாக, "உன் காலேஜ் நல்ல காலேஜ்தான் போல," என்றார்.

அடுத்த வருஷம் வெளியிலிருந்து ஒரு ஆய்வுக் குழு கல்லூரியைப் பார்க்க வந்தது. மூன்று பெரிய பேராசிரியர்கள். முதல்வருக்கு எங்கள் பஸ்ஸைக் காட்ட ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்து, பேனர் அடித்து, வண்டியின் நெற்றியில் கட்டச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அந்தப் பெயரை வாசிக்கவே மூச்சு வாங்கியது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஒன்லி இங்கிலீஷ்," என்று விரலை உயர்த்திச் சொன்னார்.

சாயங்காலம் குழு முன் சீட்டில் உட்கார்ந்தது. வண்டி கிளம்பியது. பஸ்ஸில் ஊசி விழுந்தால் கேட்கும். புதிதாகச் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைகள் பரிதாபமாக விழித்தார்கள். நான் தைரியப்படுத்துகிற மாதிரி சிரித்துப் பார்த்தேன். இயற்பியல் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முதல்வர், "ஸ்டார்ட், ஸ்டார்ட்," என்றார். ஒருவரும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஒரு வளைவில் வண்டி திரும்பியது. குழுத் தலைவர் சரிந்துபோய் முதல்வர் மேல் விழுந்து, "சாரி," என்றார்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் டிரைவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒரு கேள்வி கேக்கலாங்களா? ரொம்ப நாளா மனசுல கீது. திரும்பும்போது யாரு நம்பளப் புடிச்சு வெளிய தள்றது?"

முதல்வர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! டிரைவர் பேசுவது நிகழ்ச்சியிலேயே இல்லை. அதற்குள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், இந்த முறை யார் காதிலும் சொல்லாமல், நேராக வந்தது.

"யாரும் தள்ளல அண்ணே. நீங்க நேராப் போகத்தான் பாக்கறீங்க. வண்டிதான் திரும்புது. எங்க ஏரியில படகு சட்டுனு திரும்பினா கூடை அது பாட்டுக்கு நேராப் போயி ஓரத்துல முட்டும். அதே மாதிரி. தள்றது வெளிப்பக்கம் இல்ல, உள்பக்கம். ஓரத்துக் கம்பிதான் உங்களை உள்ள தள்ளுது."

"அப்ப கம்பி இல்லன்னா?" என்றான் ஒரு முதல் வருஷப் பையன், தன்னை மறந்து.

"படிக்கட்டுல தொங்கறவனக் கேளு," என்றாள் ஆரம்பாக்கத்துப் பெண். அவ்வளவுதான். பஸ் கலகலத்துவிட்டது. வலது பக்கம் ஒரு கேள்வி, இடது பக்கம் ஒரு பதில், யார் ஆங்கிலம், யார் தமிழ், யார் தெலுங்கு என்று கணக்கில்லை. குழுத் தலைவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் அவரே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு கேள்வி போட்டார். கொங்குத் தமிழ். "ஏனுங்க, வண்டி பிரேக் போட்டா பின்னாடி இருக்கற கேஸ் பலூன் எந்தப் பக்கமுங்க போகும்?" பெரியபாளையம் வரை அந்தச் சண்டை ஓயவில்லை. அவர் விடையைச் சொல்லாமலேயே இறங்கிப் போய்விட்டார். பையன்கள் மறுநாள் நிஜமாகவே பலூன் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல்வர் அதற்குப் பிறகு பேனரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வகுப்பில் தமிழ் பேசினால் இனிமேல் கண்டுகொள்ள வேண்டாம் என்று துறைத் தலைவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பழவேற்காட்டுப் பெண்ணும் ஆரம்பாக்கத்துப் பெண்ணும் படிப்பு முடித்து, சென்னையில் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போனார்கள். யார் சமைப்பது என்ற சண்டையில் பஞ்சாயத்துக்கு ஒருத்தி மாற்றி ஒருத்தி எனக்கு ஃபோன் செய்வார்கள். அதற்குள் எனக்கும் கும்மிடிப்பூண்டியில் பேச்சுத்துணைக்குக் குறைவில்லாமல் போயிருந்தது. கடைத்தெருவில் போனால் நாலு பேராவது நிறுத்தி, "மேடம், நாஷ்டா ஆச்சா?" என்பார்கள். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே செவ்வாப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் ஒரு குறை சொன்னார்கள். அவர்களுக்குக் கல்லூரி பஸ் இல்லை, மின்சார ரயில்தான். "நாங்க இன்னா பாவம் பண்ணோம் மேடம்?" என்றார்கள். "நீங்களே ஆரம்பிங்களேன்," என்றேன். ஆரம்பித்துவிட்டார்கள். எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு காலையில் நான் செவ்வாப்பேட்டைக்கே போய் அவர்களோடு பெண்கள் பெட்டியில் ஏறினேன்.

கூட்டத்தில் நிற்க இடமில்லை. கதவோரம் மாணவிகள் ஏழெட்டுப் பேர் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, ஓம் விதியைப் பற்றிக் கத்தோ கத்தென்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களின் காலடியில் கீரைக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏய், இன்னா தெனமும் ஒரே சண்ட? யாரு பா அந்த வோல்டேஜி? அவன் இன்னா பண்ணான் உங்கள?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி குனிந்து, குழாயில் தண்ணீர் வருவதை உதாரணமாக வைத்து அவருக்கு விளக்க ஆரம்பித்தாள். அந்த அம்மா கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளித்தபடி, பாதி கேட்டுக்கொண்டும் பாதி கேட்காமலும் இருந்தார். திருவள்ளூர் வந்தது.

"சரி சரி, மிச்சத்த நாளைக்குச் சொல்லு. இப்ப ஆளுக்கு ஒரு கை புடிங்க," என்றார். நானும் அந்தப் பெண்களும் சேர்ந்து கூடையை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு, கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று பிளாட்பாரத்தில் ஓடினோம்.